ஜபமாலையின் இரண்டாம் பாதி

போன மாதம் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் பிசியோதெரபி டிபார்ட்மெண்டுக்கு ஒரு புது மெஷின் வந்திருக்கிறதாம். திறப்பு விழாவில் ஓய்வு பெற்றவர் யாராவது நாலு வார்த்தை பேச வேண்டுமாம். என்னைவிட மூத்தவர்கள் இருவருக்கும் அன்றைக்கு ஏதோ கல்யாணம் இருந்ததால் மைக் என் கைக்கு வந்தது.

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அடிவயிற்றுக்கும் கீழே, இடுப்புக்கூட்டின் தரை மாதிரி இருக்கும் தசையைப் பெண் இறுக்கினால் திரையில் ஒரு குருவி மேலே பறக்கிறது. தளர்த்தினால் இறங்குகிறது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் செடியில் மோதி விழுந்து செத்துப்போகிறது. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் குருவிக்குக் கைதட்டினார்கள். அதில் ஒருத்தி, "மேடம், இந்த மெஷின் ஒண்ணும் இல்லாம நீங்க எப்படி ட்ரெய்னிங் கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

மேடையில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. எழுத்தில் சொல்லலாம். எழுத்தில் என் முகம் தெரியாது.

நான் கரமனை அக்கிரகாரத்துக்காரி. பெயர் கோமதி. மார்க் போதாமல் டாக்டர் படிப்பு கிடைக்கவில்லை. பல் படிப்பும் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது பிசியோதெரபி. படித்து முடித்துப் பல வருஷம் முட்டி, கழுத்து, முதுகு என்று நாலு பேர் எதிரில் பேசக்கூடிய உறுப்புகளோடு கௌரவமாகத்தான் இருந்தேன். ஒரு நாள் சர்ஜன் சூசம்மா டாக்டர் எங்கள் மீட்டிங்குக்கு வந்து, ஃபிஸ்டுலா ஆபரேஷன் முடிந்த பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும் என்றார். ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள். இன்னொருத்தி போனைப் பார்த்தாள். நான் மேஜைக்கு அடியில் விழுந்த பேனாவை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஃபிஸ்டுலா என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிரசவம் ரொம்ப நீண்டு போனாலோ, கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனில் கை தவறினாலோ, மூத்திரப்பைக்கும் யோனிக்கும் நடுவில் ஒரு துளை விழுந்துவிடலாம். அதற்குப் பிறகு அடக்குவது, அவசரம் என்பதெல்லாம் இல்லை. ராப்பகலாக வழிந்துகொண்டே இருக்கும். சர்ஜன் அந்தத் துளையை அடைத்துவிடுவார். அடைத்த பிறகும் சிலருக்கு இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் கசியும். சுவரில் இருந்த ஓட்டை போய்விட்டது, குழாய் மட்டும் சரியாக மூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாயை மூடக் கற்றுத்தரும் பிளம்பர் நான்.

இந்த உத்தியோகத்தை வெளியில் எப்படிச் சொல்வது என்பதில் என் கணவர் ரொம்பச் சிரமப்பட்டார். பாங்கில் யாரோ கேட்டதற்கு, "ரிஹாபிலிடேஷன்ல இருக்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கேட்டவர் அவர் தோளைத் தட்டி, "சரியாயிடும் சார், என் மச்சான்கூட இப்ப தொடறதே இல்லை" என்றாராம். வீட்டுக்கு வந்து, "உன்னைக் குடிகாரின்னு நினைச்சுண்டுட்டான்டீ" என்றார். "உண்மையைச் சொல்லியிருக்கப்படாதோ?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "குடிகாரியாவே இருந்துட்டுப் போ" என்றார்.

சூசம்மா டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, நரைத்த தலை, குரல் உயரவே உயராது. நோயாளி கட்டிலில் இருந்தால் இவர் அதைவிடத் தாழ்வான ஸ்டூலில்தான் உட்காருவார். பரிசோதனைக் கருவியை வெந்நீரில் சூடாக்கித் தன் முழங்கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் கொண்டுபோவார். கையுறை போடுமுன் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்குவார். "பயப்படாதே" என்று ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. "இப்போள் தொடட்டே?" என்று மலையாளத்தில் அனுமதி கேட்பார். நோயாளி தலையாட்டும் வரை அந்தக் கை காற்றில் அப்படியே நிற்கும். அவரிடம் ஒரே குறை, என் ஜோக்குக்குச் சிரிக்க மாட்டார். கிணற்றில் கல் போட்டுவிட்டுச் சத்தத்துக்காகக் காத்திருப்பது போல நான் பல வருஷம் காத்திருந்தேன். கிணறு ஆழம்.

முன்னேற்றத்தை அளக்க அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். நோயாளிக்கு எடை பார்த்த ஒரு நாப்கின் பேடைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்வோம். ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க வேண்டும். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடக்க வேண்டும், மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், இரும வேண்டும், நின்ற இடத்தில் குதிக்க வேண்டும், தரையில் கிடக்கும் சாமானைக் குனிந்து எடுக்க வேண்டும், கடைசியாகக் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பேடை மறுபடி நிறுத்தால் எவ்வளவு கசிந்தது என்று தெரியும். இதற்கென்று தராசு வாங்கச் சாலை பஜாருக்குப் போனேன். கடைக்காரர் தென்காசிப் பக்கத்து மனுஷர். "நகையாம்மா நிறுக்கணும்?" என்றார். "அதைவிடக் கஷ்டப்பட்டு சேர்த்துவைக்க வேண்டிய சாமான்" என்றேன். அவர் மரியாதையாக ஒரு வெல்வெட் துணியும் சேர்த்துக் கொடுத்தார்.

இனி திரேசம்மாள்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம் வந்தாள். குளச்சலில் பிறந்து விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். சந்தையில் மீன் விற்கிறவள். வேறு எங்கோ கர்ப்பப்பை எடுத்ததில் துளை விழுந்து, இரண்டு வருஷம் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த இரண்டு வருஷமும் வியாபாரத்தை விடவில்லை. "அதெப்படிம்மா?" என்று கேட்டேன்.

"மீன்காரி நனைஞ்சிருந்தா யாரு டாக்டரே கேக்கப் போறா? தலையில இருக்க மீன் சருவத்திலருந்து தண்ணி சொட்டுது, எனக்க கிட்டருந்தும் சொட்டுது. மீன் வாடைக்குள்ள எல்லாம் ஒளிஞ்சு போச்சு. வீட்டுக்குப் போனாத்தான் பாடு. குளிச்ச பொறவு ஒளிய எடமில்ல."

நான் டாக்டர் இல்லை என்று யாரிடமும் திருத்துவதை அதற்குள் நிறுத்திவிட்டிருந்தேன்.

சூசம்மா டாக்டர் துளையை அடைத்தார். அருமையான வேலை. ஓய்வுக்காலம் முடிந்து திரேசம்மாள் எழுந்து நடந்தபோது பொட்டு ஈரம் இல்லை. ஆனால் சந்தைக்குப் போய் வாயைத் திறந்து ஒரு தடவை மீனைக் கூவினாள், கசிந்தது. கால் இரண்டையும் பின்னிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம்.

"அப்ப கூவாம விக்கறது" என்றேன், ஒரு மீனைக்கூட விற்றிராத ஞானத்தோடு.

"வாய் தொறக்காதவளுக்க மீனை ஈதான் மொய்க்கும். நான் இருந்து மீன் விக்கிய கல்லில இப்ப எனக்க மதினி பிலோமி இருக்கா. சந்தையில கல்லுக்குப் பட்டாவா இருக்கு? இருக்கியவளுக்குத்தான் கல்லு. 'ஒனக்கு சொகமாவுற வரைக்கும் பாத்துக்கிடுதேன்'ன்னா. இப்ப அவளுக்க பலகை, அவளுக்க கொடை எல்லாம் அங்க வந்தாச்சு. இன்னும் ரெண்டு மாசம் போனா எனக்க கல்லுல்ல, அவளுக்க கல்லு."

"முன்னாடி நனைஞ்சுண்டே வித்தேளே?"

"அது வேற டாக்டரே. ஒரு தடவ காஞ்ச துணி உடுத்துப் பாத்தாச்சு. இனி நனைய மனசில்ல."

இதற்கு என்னிடம் ஜோக் இல்லை. பயிற்சிதான் இருந்தது.

முதல் பாடம், தசை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கட்டிலில் படுக்கவைத்து, டாக்டர் உத்தரவோடு, கையுறை போட்ட விரலை உள்ளே வைத்து இறுக்கச் சொல்வேன். சரியாகச் செய்தால் விரலைச் சுற்றிப் பிடித்து உள்பக்கமாக இழுக்கும். திரேசம்மாள் பல்லைக் கடித்தாள், முஷ்டியை இறுக்கினாள், மூச்சைப் பிடித்தாள், பிருஷ்டத்தைக் கல்லாக்கினாள். என் விரலை வெளியே தள்ளிவிட்டாள். பாரச் சருவத்தைத் தலைக்கு ஏற்றுகிறவர்களுக்கு 'பலம்' என்றால் கீழே முக்குவதுதான்.

பாடப்புத்தகத்தில் ஒரு உவமை உண்டு. "உள்ளே ஒரு லிஃப்ட் இருக்குன்னு நினைச்சுக்கோங்கோ. அது ஒவ்வொரு மாடியா மேலே போறது."

"எந்த லிஃப்ட்டு? இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டா? அது போன மாசத்திலருந்தே கீழதான கெடக்கு?"

நியாயம். அடுத்த உவமை, கரமனையில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. "உபந்யாசம் நடக்கறது, முன் வரிசையில உக்காந்திருக்கேள், வாயு வரது, சத்தம் வராம அடக்கணும்." இவளுக்காக உபந்யாசத்தை மாதா கோயில் பூசையாக மாற்றிச் சொன்னேன்.

"கடப்பொறத்தில அதை எதுக்கு அடக்கணும் டாக்டரே? அங்க காத்துக்கா பஞ்சம்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. பிறந்ததிலிருந்து கத்திரிக்காய் தின்று வளர்ந்தவள் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை. "இடுப்பளவு கடல்ல நிக்கறேள். ஒரு சின்ன மீன் சேலைக்குள்ள நுழைஞ்சு மேலே வரது. என்ன பண்ணுவேள்?"

"எனக்க மாதாவே!" என்றாள். என் விரல் பிடிபட்டது. அப்படி ஒரு பிடி.

"அதேதான்! அதேதான்! மீன் போயிடுத்து, இப்ப விடுங்கோ. மறுபடி வரது!"

திரைக்கு அந்தப்பக்கம் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு டீச்சர் அன்றைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று எழுந்து போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

தசை கிடைத்தாகிவிட்டது. இனி தினமும் பலமுறை இறுக்கி, விட்டு, இறுக்கி, விட்டுப் பழக வேண்டும். இறுக்குவதைப் போலவே விடுவதும் முக்கியம். ஓய்வு கொடுக்காத தசை களைத்துப்போய் இருக்கிற பிடியையும் விட்டுவிடும். பெரும்பாலான பெண்கள் வீட்டுக்குப் போனதும் பயிற்சியை மறந்துவிடுவார்கள் என்பதால், தினப்படி தவறாமல் செய்கிற காரியம் எதுவோ அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவது என் வழக்கம். கரமனை மாமிகளுக்கு டிகாக்‌ஷன் இறங்கும் நேரம். திரேசம்மாளிடம் கேட்டேன். "ஒரு நாளும் விடாம என்ன பண்ணுவேள்?"

"செவமாலை."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாலையில் பத்துப் பத்து மணியாக ஐம்பது மணி. நான் எழுதிக்கொடுக்க நினைத்த கணக்கும் ஏறக்குறைய அதுதான். "ஒரு மணிக்கு ஒரு தடவை இறுக்குங்கோ. மணி முடிஞ்சதும் விடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சூசம்மா டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டே, "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்று. கிறிஸ்தவரான அவராவது என்னை நிறுத்தியிருக்கலாம். என்னைக் கெட்டிக்காரி என்று நம்பிவிட்டார் போலிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துத் திரேசம்மாள் வந்தாள். நடையே மாறியிருந்தது. முன்பு கூவினால்தான் கசியும், இப்போது குனிந்தாலே கசிகிறது. அடிவயிறெல்லாம் வலி.

"தையல் பிஞ்சு போச்சு டாக்டரே. பழையபடி ஓட்டை விழுந்தாச்சு. எனக்குத் தெரியும்." குரலில் சண்டை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பிலோமிகிட்ட கல்லை நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டுத்தான் வாறேன்."

அவளைப் பரிசோதனை அறைக்கு அழைத்துப்போனோம். இதற்கு ஒரு சோதனை உண்டு. மெல்லிய ரப்பர் குழாய் வழியாக மூத்திரப்பையில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை நிரப்புவார்கள். அதற்கு முன் யோனிக்குள் மூன்று பஞ்சை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடுவார்கள். துளை திறந்திருந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு நீலமாகும். வாசல் பக்கத்துப் பஞ்சு மட்டும் நனைந்தால் துளை இல்லை, குழாய்தான் தளர்ச்சி.

"என்னது, வெள்ளைத் துணிக்குப் போடுத நீலமா?" என்றாள் திரேசம்மாள், மேல்கூரையைப் பார்த்தபடி.

"தொடட்டே?" என்றார் டாக்டர். கை காற்றில் நின்றது. திரேசம்மாள் தலையாட்ட நேரமாயிற்று. பிறகு தலையாட்டினாள்.

சாயம் ஏறியது. இருமச் சொன்னார். எழுந்து நாலடி நடக்கச் சொன்னார். மறுபடி படுக்கவைத்து, டாக்டர் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். வாசல் பக்கத்துப் பஞ்சின் ஓரத்தில் நீலம். நடுப்பஞ்சு வெள்ளை. கடைசிப் பஞ்சை எடுப்பதற்குள் நான் எனக்குத் தெரிந்த எல்லா சாமிக்கும் வேண்டிக்கொண்டு, நேரம் மிச்சம் இருந்ததால் அவளுடைய மாதாவிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன்.

வெள்ளை. டாக்டர் அதை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். "நோக்கு. துளை இல்லை."

திரேசம்மாள் அந்தப் பஞ்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்குகிறவர்கள் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பது போல.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தசை களைச்சுக் கிடக்கு. கோமதீ, நீ எந்தா இவளிடம் பறஞ்ஞது?"

அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கும் தெரியவில்லை. "என் எதிர்ல ஒரே ஒரு மணி சொல்லிக் காட்டுங்கோ" என்றேன். படுத்துக்கொண்டு செபம் சொல்வது முறையில்லை என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாலையை எடுத்தாள். இறுக்கினாள். ஆரம்பித்தாள்.

ஜபமென்றால் எனக்குத் தெரிந்தது என் மாமியாரின் ராமஜபம். ஒரு மணிக்கு ஒரு நாமம், கண்ணை மூடித் திறப்பதற்குள் மூணு மணி உருண்டிருக்கும். திரேசம்மாள் சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு இடத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழுந்திருக்கப் பார்த்தேன். பாதிதான் ஆகியிருந்தது. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ஒரு வழியாக முடித்ததும், மூச்சு வாங்குவதற்குள் விரல் அடுத்த மணிக்குப் போயிற்று.

"நிறுத்துங்கோ! இதுவா ஒரு மணி? இத்தனை நேரமும் பிடிச்சுண்டா இருந்தேள்? ஐம்பதுக்குமா?"

"நீங்கதான சொன்னிய?"

"மணி முடிஞ்சதும் விடச் சொன்னேனே!"

"மணிக்கும் மணிக்கும் நடுவுல எங்க எடம்? கயிறுதான கெடக்கு."

"சரி, பாதியில விடுங்கோ. முதல் பாதிக்கு இறுக்கம், ரெண்டாம் பாதிக்கு ஓய்வு."

மாலையைச் சட்டென்று மடியில் வைத்துவிட்டாள். "மாதாகிட்ட பேசிட்டிருக்கும்போ பாதியில விடுவாளா ஒருத்தி? மரியாதையில்லியா? பாவம் டாக்டரே."

அலாரம் வைத்துத் தரட்டுமா என்றேன். டீ குடிக்கும்போது செய்யலாமே என்றேன். மாதாவுக்கு நேர்ந்தாகிவிட்டதாம், மாற்ற முடியாதாம். கடைசியில், "பங்குச் சாமியார் சொல்லட்டு, செய்யுதேன்" என்றாள். நீங்களே கேளுங்கோ என்றதற்கு, "அந்த வயசுப் பயகிட்ட நான் எப்படிக் கேப்பேன்?" என்று ஒரு பார்வை பார்த்தாள். நான் எப்படிக் கேட்பேன் என்று யாரும் யோசிக்கவில்லை.

கிழக்கேகோட்டையில் பஸ் மாறி விழிஞ்ஞம் சர்ச்சுக்குப் போனேன். சாமியார் உண்மையிலேயே சின்னப் பையன்தான், மார்த்தாண்டம் பக்கம். நெற்றியில் பொட்டும் மூக்கில் பேசரியுமாக ஒரு மாமி தனியாக வந்து உட்கார்ந்து, "ஃபாதர், இந்த ஜபமாலையைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்" என்று தலையைக் குனிந்துகொண்டதும், அவர் எழுந்து கதவைச் சாத்தினார். டீ கொண்டுவரச் சொன்னார். ரொம்ப மெதுவாக, "வீட்டுல தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது. சொன்னா ரகளையாயிடும்" என்றேன். உண்மைதானே.

"அவசரப்படாதீங்க. மனசு நல்லா பக்குவப்படட்டு. ஞானஸ்நானமெல்லாம் நிதானமா..."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துளை, ஆபரேஷன், தசை, இறுக்கம், ஓய்வு, ஐம்பது மணி. மீன் உவமையை மட்டும் விட்டுவிட்டேன். சாமியாரின் காது சிவந்தது. ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கிரேன்களை அவர் இதுவரை பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்தார்.

கடைசியில் சொன்னார். "செபமாலை ரெண்டு பக்கமா சொல்லுத செபம்மா. முதல் பாதி ஒருத்தர் சொல்லணும். ரெண்டாம் பாதி மத்தவங்க பதில் சொல்லணும். பதில் வரும்போது முதல் ஆளு சும்மா கேட்டாப் போதும். அவங்க தனியா ரெண்டு பக்கமும் சொல்லுததுதான் பிரச்சினை." கொஞ்சம் நிறுத்தி, "ஓய்வெடுக்கது பாவம்னா, உலகத்தைப் படைச்சுட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தவருதான் முதல்ல வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அப்படியே சொல்லுங்க" என்றார்.

வாசல்வரை வந்தார். படியிறங்கும்போது, "எங்கம்மா இப்ப பூசைக்கே வாறதில்ல. இருமல்னுதான் சொல்லுவாங்க" என்றார். "இருமலுக்கா மேடம் வராம இருக்காங்க?"

"கூட்டிண்டு வாங்கோ" என்றேன்.

மறுநாள் சூசம்மா டாக்டரிடம் ஏழாம் நாள் பதிலைச் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. திரும்பினார், கண்ணில் தண்ணீர், குழாயை மூடக்கூட முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சிரித்த ஒரே ஜோக், அதுவும் என்னுடையது இல்லை.

திரேசம்மாள் ஒப்புக்கொண்டாள். ஆனால் பதில் சொல்ல யார்? அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. வழிய ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வீட்டுச் செபத்தில் சேர்ந்து உட்காருவதில்லை. நாற்றம் யாருக்காவது தெரிந்துவிடும் என்று பின்கட்டில் தனியாக உட்கார்ந்து, இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொள்வாள். துளை அடைத்த பிறகும் அங்கேதான். கணவன் கடலில், பிள்ளைகள் இதற்குள் கல்யாணமாகி வெவ்வேறு கரையில். பக்கத்து வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

பிலோமி.

"அவளா? எனக்க கல்லில இருந்துட்டு எனக்க செபத்திலயும் வந்து இருக்கணுமா?" என்றாள். மூன்று நாள் யோசித்துவிட்டு அவளையே கூப்பிட்டாள்.

ஒரு வாரம் ஆயிற்று. புகார் வந்தது. "அவளுக்க பாதியை ரயிலு மாதிரி ஓட்டுதா டாக்டரே. நான் விடுததுக்குள்ள அவ முடிச்சுட்டா. எனக்கு ஓய்வே கெடைக்கல்ல. வேணும்னே செய்யுதா. நான் சொகமானா கல்லு போவுமில்லா!"

இருவரையும் வரச் சொன்னேன். பிலோமி பெரிய உடம்புக்காரி, நல்ல சிரிப்பு. "மதினிக்குப் பூரண சொகமாவட்டும் டாக்டரே, அவசரமேயில்ல" என்றாள், தேன் ஒழுக.

"கேட்டியளா? அவசரமில்லியாம்! செபத்தில மட்டும் அவசரம்!"

"எனக்கு அடுப்பில சோறு கெடக்கு பிள்ளே, ஒன்னை மாதிரி..." என்று ஆரம்பித்தவளுக்கு இருமல் வந்தது. நல்ல இருமல். இருமும்போது இரண்டு காலும் தானாகப் பின்னிக்கொண்டதை நான் பார்த்தேன். திரேசம்மாளும் பார்த்தாள். பிலோமி நாங்கள் பார்த்ததைப் பார்த்தாள்.



"ஏ மதினி," என்றாள் திரேசம்மாள், வேறு குரலில். "எத்தன நாளா?"

"அஞ்சு பெத்தாச்சுல்லா. நாலாவதுக்குப் பொறவுதான்." பிலோமி சேலைத் தலைப்பைப் பார்த்தாள். "கூவும்போ வரும். மீன் தண்ணியில தெரியாது."

"தெரியாது," என்றாள் திரேசம்மாள். "எனக்குத் தெரியாதா, தெரியாதுன்னு."

பிலோமியையும் கட்டிலில் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். உவமையைத் திரேசம்மாளே சொல்லிவிட்டாள், என்னைவிடப் பெரிய மீனாக. திரேசம்மாள் முதல் பாதியில் இறுக்கி, இரண்டாம் பாதியில் விடுவாள். பிலோமி முதல் பாதியில் விட்டு, இரண்டாம் பாதியில் இறுக்குவாள். அவ்வளவுதான். தன் பாதியை ஓட்டினால் தன் பயிற்சியே போய்விடும் என்றானதும் பிலோமியின் ரயில் மாட்டுவண்டியாயிற்று. பிறகு வந்த புகார், "இழுக்கா டாக்டரே, செபம் முடியதுக்குள்ள சோறு குழைஞ்சு போவுது." இந்தப் புகாரை நான் கண்டுகொள்ளவில்லை.

படுத்துச் செய்தது உட்கார்ந்து, நின்று, நடந்து என்று மாறியது. பிறகு கடைசிப் பாடம். இருமுவதற்கு, தூக்குவதற்கு, கூவுவதற்குச் சற்று முன்னால் இறுக்கிக்கொள்வது. டிபார்ட்மெண்ட் வராந்தாவில் இரண்டு பேரும் மாறி மாறி மீன் கூவிப் பழகினார்கள். பக்கத்து எலும்பு டாக்டர் சாளை என்ன விலை என்று ஆள் அனுப்பினார். தராசில் எடை ஒவ்வொரு முறையும் குறைந்தது. முழுக்கப் பூஜ்யம் ஆகவில்லை. பெரிய தும்மலுக்கு ஒரு துளி உண்டுதான். சூசம்மா டாக்டர் அதை அவளிடம் ஒளிக்காமல் சொன்னார். "தும்மலுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றாள் திரேசம்மாள்.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு தேதி கொடுத்தோம். வரவில்லை. இன்னொரு தேதி கொடுத்தோம். போனையும் எடுக்கவில்லை. டாக்டர் இரண்டு முறை கதவைப் பார்த்தார். அவர் கதவைப் பார்த்து நான் பார்த்ததில்லை. "ஒண்ணு போய் நோக்கு" என்றார்.

மீன் சந்தைக்குள் என் வாழ்நாளில் முதல் தடவையாகக் காலை வைத்தேன். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஈரத்தில் வழுக்கி ஒரு கிழவரின் தோளைப் பிடித்து, அவரிடம் திட்டு வாங்கி, கல் வரிசைக்கு வந்து சேர்ந்தேன். தூரத்திலேயே குரல் கேட்டது. நடுக்கல்லில் திரேசம்மாள். பக்கத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்ட புது இடத்தில், குடையும் பலகையுமாகப் பிலோமி. முன்னால் ஒரே கூட்டம். நான் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஏன் வரவில்லை, டாக்டர் எவ்வளவு கவலைப்படுகிறார், பரீட்சை எவ்வளவு முக்கியம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

திரேசம்மாள் ஒரு கையில் கத்தி, ஒரு கையில் நெய்மீன். என் தலைக்கு மேலாக வாங்குகிறவர்களைப் பார்த்தாள். ஒரு நொடி பேசாமல் இருந்தாள். அது என்ன நொடி என்று அந்தச் சந்தையில் எனக்கும் பிலோமிக்கும் மட்டும்தான் தெரியும். பிறகு, கடலுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல்.

"வாங்காதவுங்க வழியில நிக்காதீங்கோ! டாக்டரே, ஒங்களத்தான்! தள்ளி நில்லுங்கோ, ஏவாரம் நடக்கட்டு!"

சந்தை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் அவள் கால்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரு முழம் அகட்டி, தரையில் பதிந்து, அசையாமல் நின்றன. மீன் செதில் பட்ட பாவாடை விளிம்பு காற்றில் காய்ந்து படபடத்தது.

தள்ளி நின்றேன்.